வி.பி.எஸ். பிள்ளைகளுக்கு 'மிராக்கிள்ஸ் ஃப்ரம் ஹெவன்' போடலாமா? எந்த வயசுக்கு?

நரிமேட்டு டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் எங்க சபையில வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) முடியிற அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுறது வழக்கம். இந்தத் தடவை வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் 'மிராக்கிள்ஸ் ஃப்ரம் ஹெவன்' கேட்டிருக்காங்க. 2016-ல வந்தது, ஜெனிஃபர் கார்னர் அம்மாவா நடிச்ச படம். வர்ற பிள்ளைகள்ல அஞ்சு வயசும் இருக்கு, பதினஞ்சு வயசும் இருக்கு. எல்லாரும் ஒரே ஹால்ல ஒரே பாயிலதான் உக்காருவாங்க.

பாக்காதவங்களுக்காகக் கதையைச் சொல்லிடுறேன். டெக்சாஸ்ல பீம்னு ஒரு குடும்பம், மூணு பொம்பளப் பிள்ளைங்க. நடுப்பிள்ளை அன்னாவுக்கு வயித்துல தீராத நோய். குடல்ல அடைப்பு எதுவும் இருக்காது, ஆனா அடைச்ச மாதிரியே நின்னு போயிடும். சாப்பிட்டது நகராது, வயிறு உப்பிக்கிட்டு வலி உயிரை எடுக்கும். முதல்ல பாத்த டாக்டர்கள் பால் ஒத்துக்கலன்னும் ஆசிட்னும் சொல்லி அனுப்புறாங்க. அம்மா விடாம அலைஞ்சு பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரி வரைக்கும் போறாங்க. அங்கேயும் இதுக்கு முழுசாக் குணம் கிடையாதுன்னுதான் சொல்றாங்க. ஒருநாள் அன்னா வீட்டுப் பக்கத்து மரத்துல ஏறி, பொந்துக்குள்ள முப்பது அடி தலைகீழா விழுந்துடுறா. மீட்டு வெளிய எடுத்தா பெருசா ஒரு காயம் இல்ல. அதுக்கப்புறம் நோயும் காணாமப் போயிடுது. 2011-ல நெசமா நடந்த சம்பவம், அந்தத் தாய் கிறிஸ்டி பீம் எழுதின புத்தகத்துல இருந்து எடுத்தது.

நான் பாத்துட்டேன், மனசு கரைஞ்சு போச்சு. ஆனாலும் போடுறதுக்கு யோசனையா இருக்கு. என் வகுப்புல ஒரு பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை. தினமும் ஊசி. இன்னொரு பையனோட அம்மா கேன்சர்ல தவறிட்டாங்க. அவங்களுக்காக எங்க சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சது. அந்த ரெண்டு பிள்ளைகளும் முன்வரிசையில உக்காந்து இந்தப் படத்தைப் பாக்கும்போது அவங்க மனசுல என்ன ஓடும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சபை மூப்பர்

டீச்சரம்மா, ஸ்தோத்திரம். இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கெட்ட வார்த்தை இல்லை, ஆபாசம் இல்லை, குடி கூத்து இல்லை. தாய் தகப்பன் பிள்ளைகளோடு சேர்ந்து ஜெபிக்கிற குடும்பத்தைத் திரையில பார்க்கிறதே இந்தக் காலத்தில் அபூர்வம். கையில போனைக் கொடுத்தால் நம்ம பிள்ளைகள் என்னென்ன பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தேவன் இன்றைக்கும் அற்புதம் செய்கிறார் என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் அது போதும். தாராளமாகப் போடுங்கள்.

செல்லூர்க்காரி

ஐயா, உங்க ஆதங்கம் புரியுது. ஆனா படத்துல ஒரு இடத்துல அந்தப் பிள்ளை வலி தாங்காம அம்மாகிட்ட, செத்துப்போகணும், வலியில்லாத பரலோகத்துக்குப் போகணும்னு சொல்லுது. அதைக் கேட்டு எங்க வீட்டுல ஏழு வயசுப் பய என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே! படம் முடிஞ்சப்புறம் அற்புதத்தைப் பத்தி அவன் ஒண்ணும் கேக்கல. "செத்தா வலிக்காதாம்மா?"ன்னுதான் கேட்டான். அடுத்து வந்த ராத்திரிகள்லயும் படுக்கும்போது அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தான்.

ஆபாசம் இல்லங்கிறதால மட்டும் பிள்ளைகளுக்கு ஏத்த படம்னு ஆயிடாதுங்கய்யா.

மாசி வீதி ரசிகன்

சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கொடுத்தது 'பி.ஜி.' அதாவது, பெற்றோர் பார்த்து வழிகாட்டுவது நல்லது, சில காட்சிகள் சிறு பிள்ளைகளுக்கு ஒத்துவராமல் போகலாம். அங்கே சொன்ன காரணம், கனமான கருப்பொருள், விபத்து, மருத்துவக் காட்சிகள்.

நம் நாட்டில் 1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி சான்றிதழ். பல காலம் யு, ஏ இரண்டுதான். 1983-ல்தான் யு/ஏ வந்தது, 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணை வேண்டும் என்று. ஐந்து வயதுக்கும் பதினொன்றுக்கும் அதில் வித்தியாசமே கிடையாது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஓடிடி தளங்களுக்கு 2021-லேயே இதே வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. படம் தொடங்கும்போது மூலையில் வயதும், எதற்காக அந்த வயது என்பதும் சின்ன எழுத்தில் வரும். அந்த இரண்டு மூன்று சொற்களைப் படிக்கிற பழக்கம் நம்மிடம் இல்லை.

ஆனால் இந்தச் சான்றிதழ்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் எடை போடும்: ரத்தம், அடிதடி, ஆடை, வசைச்சொல். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளை கடவுளைப் பற்றியும் தன் உடம்பைப் பற்றியும் என்ன முடிவுக்கு வரும் என்பதற்கு எந்த நாட்டிலும் எழுத்து கிடையாது. டீச்சர் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று. வீட்டுச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். சபை ஹாலில் ஊரைக் கூட்டிப் போடுவதென்றால் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள்.

வார்டு சிஸ்டர்

நான் குழந்தைகள் வார்டுல வேலை பாக்குறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குச் சாவுன்னா ஊருக்குப் போன மாதிரிதான். போனவங்க திரும்பி வந்துருவாங்கன்னு நினைக்கும். அஞ்சுல இருந்து ஏழு வயசுக்குள்ளதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, செத்தவங்க வரமாட்டாங்க, எல்லாருக்கும் ஒருநாள் அது வரும்ங்கிறது பிடிபட ஆரம்பிக்கும். செல்லூர்க்காரி அக்கா வீட்டுப் பையன் சரியா அந்த வயசுல இருக்கான். அவன் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. அக்கா, "அந்தப் பிள்ளைக்கு வலி குறையணும்னுதான் ஆசை, அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படிச் சொல்லிருச்சு. உனக்கு எங்கயாவது வலிச்சா உடனே எங்கிட்டச் சொல்லு, டாக்டர்கிட்டப் போயி வலியைக் குறைக்க வழி பாப்போம்"னு சொல்லுங்க. அதுவே அவனுக்குப் பெரிய தெம்பு.

இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட இன்னொரு குணம் உண்டு. எது நடந்தாலும் தன்னாலதான் நடந்ததுன்னு நினைச்சுக்கிடும். தம்பிகிட்ட சண்டை போட்டேன், அதான் எனக்குக் காய்ச்சல் வந்துருச்சுன்னு வார்டுல பிள்ளைகள் சொல்லி நான் கேட்டிருக்கேன். படத்துல சபையைச் சேர்ந்த சில பொம்பளைங்க அந்தத் தாய்கிட்ட வந்து, பிள்ளைக்குக் குணமாகாததுக்கு வீட்டுல யாரோ செஞ்ச பாவம் காரணமா இருக்குமோன்னு பேசுவாங்க. அந்தம்மா மனசு ஒடிஞ்சு சபைக்குப் போறதையே விட்டுடுவாங்க. படம் அந்தப் பேச்சைச் சரின்னு சொல்லல, அது பெரியவங்களுக்குப் புரியும். ஊசி போடுற எட்டு வயசுப் பிள்ளைக்குக் காதுல விழுறது "பாவம்" மட்டும்தான். எனக்கு அந்த மரத்துல இருந்து விழுற காட்சியை விட இதுதான் பெரிய பயம்.

படத்துல ரொம்பப் பிடிச்ச விசயமும் உண்டு. அந்த அம்மா ஜெபிக்கிறாங்க, அதே கையோட டாக்டரையும் விடமாட்டேங்கிறாங்க. என் பிள்ளைக்கு என்னன்னு தெரியாம நகரமாட்டேன்னு ஆஸ்பத்திரியில நிப்பாங்க. டாக்டர் நூர்கோ பிள்ளைகளைச் சிரிக்க வச்சு வைத்தியம் பாப்பாரு. நம்பிக்கையும் மருந்தும் ஒரே வீட்டுல இருக்கலாம்னு காட்டுற படம் அது. இதை யாராவது எடுத்துச் சொல்லணும். சொல்லலன்னா கடைசியில வர்ற அற்புதம் மட்டும்தான் மனசுல நிக்கும்.

டீச்சர், உங்க வகுப்புல இருக்கிற டைப் 1 பிள்ளை விசயத்துல ரொம்பக் கவனமா இருங்க. அந்தப் பிள்ளையோட உடம்பு இன்சுலினைச் சுரக்கிறதே இல்ல. ஊசியை நிறுத்தினா ரத்தத்துல அமிலம் ஏறி ஓரிரு நாள்லயே உயிருக்கு ஆபத்தாயிடும். படம் பாத்த உருக்கத்துல யாராவது பாட்டியோ அத்தையோ, "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு"ன்னு அந்த வீட்டுல ஒரு வார்த்தை போட்டுட்டா என்ன ஆகும்? பிள்ளைகளை விட, பின்னால நாற்காலியில உக்காந்து பாக்கப்போற பெரியவங்களை நினைச்சுத்தான் எனக்குக் கவலை.

சபை மூப்பர்

சிஸ்டர், மருந்தை நிறுத்தச் சொல்வது எங்கள் சபையின் போதனை இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. பாவம் பற்றிய கேள்விக்கு யோவான் ஒன்பதாம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொன்னாரே. டீச்சர் அதை அந்த இடத்திலேயே சொல்லிக்கொடுக்கலாமே?

நரிமேட்டு டீச்சர்

ஐயா, இது எனக்கு ரொம்ப உதவி. அந்தப் பொம்பளைங்க பேசுற இடத்துல படத்தை நிறுத்தி, லைட்டைப் போட்டு, யோவான் 9-ஐச் சொல்லிட்டு மறுபடி ஓட்டலாம். படம் இங்கிலீஷ்ல இருக்கிறதால எப்படியும் நடுநடுவுல நிறுத்தித் தமிழ்ல சொல்லித்தான் ஆகணும்.

ஆனா குணமாகாத பிள்ளைக்கு என்ன சொல்றது? யோவான் 9-லயும் கடைசியில அவனுக்குப் பார்வை வந்துருதே.

இடைக்காட்டூர் பேரன்

நாங்க ஆர்.சி. எங்க தாத்தா ஊர்ல பாஸ்கா, அதாவது ஆண்டவர் பாடுபட்ட கதையை நாடகமாப் போடுவாங்க. சின்னப் பிள்ளைகள்லாம் முன்னாடி தரையில படுத்துக்கிட்டுப் பாக்கும். ஆண்டவரைச் சாட்டையால அடிப்பாங்க, முள்முடி வைப்பாங்க, ஆணி அறைவாங்க. நாலு வயசுலயே நான் அதையெல்லாம் பாத்திருக்கேன், அழுதிருக்கேன். "அப்ப இந்தப் படத்துல மட்டும் என்ன வந்துச்சு"ன்னு முதல்ல எனக்கும் தோணுச்சு.

யோசிச்சுப் பாத்தா ரெண்டும் வேற வேற. பாஸ்காவுல ஆண்டவரா நடிக்கிறவரு யாருன்னு எனக்குத் தெரியும். மறுநாள் காலையில டீக்கடையில வடையைப் பிச்சுத் தின்னுக்கிட்டு, "என்னடா, ராத்திரி அழுதியாமே"ன்னு தலையில தட்டுவாரு. பாத்ததை இறக்கி வைக்க எங்களுக்கு ஊரே இருந்துச்சு. இந்தப் படம் தொடங்கும்போதே உண்மைக் கதைன்னு சொல்லிடுது. அந்த வயிறும் வலியும் நெசம்னு பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. அதனால எட்டு வயசுக்குக் கீழ உள்ளதுகளுக்கு வேண்டாங்கிறது என் எண்ணம். மத்த பிள்ளைகளுக்கும் படம் முடிஞ்ச கையோட வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. டிபன் குடுங்க, பேச விடுங்க.

கோரிப்பாளையத்துப் பொண்ணு

வேற மதத்துக்காரி நான் பேசலாமான்னு தெரியல, ஆனா எங்க வீட்டுலயும் இதே கேள்வி வந்திருக்கு. ஒவ்வொரு பக்ரீத்துக்கும் இப்ராஹிம் நபி கதையைச் சொல்லுவாங்க. மகனை அறுக்கிற மாதிரி கனவு கண்டு, மகன்கிட்ட சொல்லி, அவரும் சம்மதிச்சு, கடைசியில அல்லாஹ் ஆட்டை அனுப்புன கதை. மதரஸாவுல அதைக் கேட்டுட்டு வந்து எங்க அத்தாகிட்ட, "உங்களுக்கும் அப்படிக் கனவு வந்தா என்னை என்ன செய்வீங்க"ன்னு கேட்டேன். அத்தா சிரிச்சு ஒதுக்கல. பக்கத்துல உக்கார வச்சு, "புள்ளையை அறுக்கக் கூடாதுன்னு ஆடு வந்துச்சுல்ல, அதோட முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் எந்த அத்தாகிட்டயும் அல்லாஹ் அப்படிக் கேக்கல, கேக்கவும் மாட்டான்"னு சொன்னாரு. அன்னைக்கு நிம்மதியாத் தூங்குனேன்.

கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் பக்கத்துல இருந்தாரு. அந்த ஹால்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பாங்களா டீச்சர்? உங்க சபையில எத்தனை பிள்ளைகள் வரும், எத்தனை பெரியவங்க வருவீங்க?

பரங்குன்றத்தார்

தங்கச்சி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்க பக்கம் சிறுத்தொண்டர் கதை. சிவனடியார் கேட்டாருன்னு பெத்த பிள்ளை சீராளனையே கறி சமைச்ச கதை. கடைசியில கூப்பிட்ட உடனே பிள்ளை ஓடி வந்துருவான். எங்க ஆத்தா அந்தக் கதையை எங்களுக்குச் சின்ன வயசுல சொன்னதே கிடையாது. பெரிய பிள்ளையானப்புறம்தான் சொன்னுச்சு. பக்தி கொறஞ்ச வீடு இல்ல எங்களுது. எதை எப்பச் சொல்லணும்னு அதுக்குத் தெரியும்.

டீச்சர், இன்னொரு சங்கதி. எங்க தெருவுல பாதிப் பிள்ளைக உங்க மாதிரி வி.பி.எஸ்.க்கு வருதுக. பாட்டு, பொம்மலாட்டம், சர்பத்துன்னு சந்தோசமாப் போயிட்டு வருதுக, நாங்களும் மனசார அனுப்புறோம். இந்தப் படத்துல பாஸ்டன் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஹேலின்னு ஒரு புற்றுநோய்ப் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையோட அப்பா, என் மக கிட்ட கடவுளைப் பத்தி பேசி வீண் ஆசை காட்ட வேண்டாம்னு சொல்லுவாரு. அந்த மனுசன் கேட்டது நியாயம்னுதான் எனக்குப் பட்டுச்சு. பின்னால அவரு மனசு மாறுறது படத்தோட கதை, அது இருக்கட்டும். ஆனா பிள்ளையைப் பெத்தவங்க சம்மதம்ங்கிறது பெரிய விசயம். என்ன படம், என்ன கதைன்னு ஒரு தாள்ல எழுதி முன்னாடியே வீட்டுக்குக் குடுத்து விடுங்க. வேண்டாம்னு சொல்றவங்க பிள்ளைகளைச் சங்கடப்படுத்தாதீங்க.

வார்டு சிஸ்டர்

ஹேலியைப் பத்தி யாராவது சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னா பிழைச்சா, ஹேலி பிழைக்கல. கடைசியில அந்த அப்பா சபைக்கே வந்து, தன் மக பயமில்லாம நிம்மதியா இருந்ததுக்கு அன்னாதான் காரணம்னு சாட்சி சொல்லுவாரு. டீச்சர் கேட்டாங்களே, குணமாகாத பிள்ளைக்கு என்ன சொல்றதுன்னு. படத்துலயே அந்தக் கதவு இருக்கு, ஆனா சில நிமிசத்துல கடந்து போயிடுறாங்க. நீங்க அங்க நின்னு பேசணும். ஹேலிக்காகவும் ஜெபிச்சவங்க உண்டு. அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை பத்தலன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. அம்மாவை இழந்த பையன் கேக்கப்போற கேள்வி அதுதான், அவன் வாய் திறந்து கேக்காட்டியும்.

சபை மூப்பர்

இதற்கு நான் பதில் எழுத வேண்டும். அந்தத் தாய்க்காக உபவாசம் இருந்தவர்களில் நானும் ஒருவன். அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பையன் என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க சரியா ஜெபம் பண்ணலையா?" என்று கேட்டான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இந்தப் படம் அவனுக்கு ஆறுதலாகும் என்று நினைத்துத்தான் போடச் சொன்னேன்.

பவுல் அப்போஸ்தலன் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டிய வேதனையை, எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை உனக்குப் போதும் என்றுதான் பதில் வந்தது. இரண்டாம் கொரிந்தியர் பன்னிரண்டாம் அதிகாரம். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? இதை அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும், படம் சொல்லாது. படத்துக்கு முன்பே போய் அவனைப் பார்க்கிறேன்.

ஆனாலும் படமே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பெரிய பிள்ளைகளுக்காவது போட வேண்டும்.

மாசி வீதி ரசிகன்

ஐயாவோடு ஒத்துப்போகிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது நல்ல படம். சந்தேகப்படுகிற அம்மாவை ஒளிக்காமல் காட்டுகிறது. விசுவாசக் குடும்பத்திலும் பணக்கஷ்டம், கோபம், சலிப்பு எல்லாம் உண்டு என்று காட்டுகிறது. அக்காவுக்கும் தங்கைக்கும் கிடைக்க வேண்டிய கவனம் நோயாளிப் பிள்ளைக்கே போய்விடுவதையும் தொட்டுச் செல்கிறது. அது நம் வீடுகளில் யாரும் பேசாத விஷயம். வளர்ந்த பிள்ளைகள் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

ஒரே குறை, காப்பீடு, விமானப் பயணம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கொண்ட அமெரிக்க வாழ்க்கை அது. நம்ம மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கிற அம்மாக்களும் அதே வைராக்கியத்தோடுதான் நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.

செல்லூர்க்காரி

சிஸ்டர் சொன்ன மாதிரியே நேத்து ராத்திரி அவன்கிட்டப் பேசிட்டேன். "அப்ப வலிச்சா உன்கிட்டச் சொன்னாப் போதுமா"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டான். ரொம்ப நன்றி சிஸ்டர்.

டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்குத் தனியா என்ன செய்யப்போறீங்க? அதுகளை மட்டும் வெளிய அனுப்புனா ஏங்கிப்போயிடும்.

நரிமேட்டு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ஆயர்கிட்டயும் பேசிட்டேன். சின்னவங்களுக்குப் பின்கட்டு ஹால்ல சகேயு கதையைப் பொம்மலாட்டமாப் போடுறோம், அவங்களுக்கும் அதே டிபன், அதே ஐஸ்கிரீம். எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் வீட்டுப் பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காந்தா மட்டும் படம். அதுக்கு மேல உள்ளவங்க தனியா வரலாம். படம் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, நிறுத்திப் பேசுறதையும் சேத்தா நேரமாகும், அதனால நாலு மணிக்கே ஆரம்பிக்கிறோம். லைட்டை முழுசா அணைக்கல. மரத்துப் பொந்துக் காட்சிக்கு முன்னாடி யாரும் இப்படி ஏறக்கூடாதுன்னும் சொல்லிடுவோம். கதையை எழுதின தாளை இந்த வாரமே வீடுகளுக்குக் குடுத்து விடுறோம், பரங்குன்றத்து அண்ணன் சொன்ன மாதிரி. உரிமையாளர்கிட்ட அனுமதி கேட்டும் எழுதியாச்சு. வார்டு சிஸ்டர், டூட்டி இல்லாட்டி நீங்களும் வரணும், பெரியவங்ககிட்ட மருந்து விசயத்தை நீங்க சொன்னா எடுபடும்.

ஊசி போடுற பிள்ளையோட அம்மாவையும் பாத்தேன். அவங்க முழுசாக் கேட்டுட்டு, "நான் முதல்ல தனியாப் பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்"னாங்க. சனிக்கிழமை பாக்குறாங்க. அவங்க வேண்டாம்னா வேற படம்.

சபை மூப்பர்

ஒரு வீட்டுக்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகலாமா அம்மா?

நரிமேட்டு டீச்சர்

போகலாம் ஐயா.